தேதி இடிக்கிறதா? உள்ளே வாங்க, காட்டுகிறேன்!

தேரோட்டம் பார்க்கப் போனால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். என் கண் மட்டும் கீழே போய்விடும். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடி, கையில் முட்டுக்கட்டையோடு கூடவே ஓடுகிறார்களே, அவர்கள்மீது! வடம் பிடிக்க ஊரே திரண்டு வரும். ஆனால் வீதி முனையில் அவ்வளவு பெரிய தேர் வளைந்து திரும்புவது, அந்தக் கட்டையை எந்தச் சக்கரத்துக்கு, எந்த நொடியில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

அடியில் குனிந்து பார்க்கும் அந்த ஆசைதான் என்னை ஒரு கால அட்டவணையின் பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டில், ஒவ்வொரு டிசம்பரிலும் ஓடுகிற தேர் அது. இளநிலைப் படிப்புக்கான சேர்க்கை நேர்காணல்! வாங்க, குனிந்து அடியில் பார்ப்போம்.

முதலில் தேரின் எடை. ஆண்டுக்கு 23,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். கிடைக்கும் இடங்கள் சுமார் 3,300. நேர்காணலுக்கு அழைக்கப்படுகிறவர்கள் சுமார் 10,000 பேர். பெரும்பாலோருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நேர்காணல். ஒருவருக்கு இரண்டு என்று வைத்தாலே 20,000 சந்திப்பு! ஒவ்வொன்றும் அரை மணி நேரம் அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவு. எதிரே உட்காருவது பொதுவாக இரண்டு ஆசிரியர்கள், நாளைக்கு அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுக்கப்போகிற அதே ஆசிரியர்கள். இளநிலை மாணவர்களைச் சேர்க்கும் முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். இத்தனையும் டிசம்பர் மாதத்தின் முதல் மூன்று வாரத்துக்குள் நடந்து முடிய வேண்டும்.

விண்ணப்பக் கதவு அக்டோபர் 15 அன்று மாலை மூடுகிறது. பிறகு பல பாடங்களுக்கு நுழைவுத் தேர்வு. யாரை அழைப்பது என்று ஆசிரியர்கள் முடிவு செய்ய நவம்பர் பாதி தாண்டிவிடும். அழைப்பு மின்னஞ்சல் வந்து சேரும்போது சில பிள்ளைகளுக்கு நேர்காணலுக்கு ஒரு வாரம்தான் இருக்கும். அப்படியானால் அந்த 20,000 சந்திப்பையும் கட்டம் கட்டமாக அடுக்குகிறவர்களுக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? நினைக்கும்போதே எனக்குப் படபடக்கிறது!

பலகையைப் பார்க்கவும்

2019 வரை இந்தக் கூத்தெல்லாம் கண்ணெதிரே நடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் பருவம் முடிந்து படிக்கிற மாணவர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். அவர்கள் காலி செய்த அறைகளில் நேர்காணலுக்கு வந்த பிள்ளைகள் பெட்டியை வைப்பார்கள். தங்க இடமும் சாப்பாடும் கல்லூரிச் செலவு. நீளமான மேஜைகள் போட்ட பழைய உணவுக்கூடத்தில், முன்பின் தெரியாத போட்டியாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாப்பிடுவார்கள்.

மாணவர் பொது அறையில் ஓர் அறிவிப்புப் பலகை. அதுதான் மூலஸ்தானம்! யாருக்கு எப்போது, எந்தப் படிக்கட்டு, எந்த அறை என்று அதில்தான் ஒட்டுவார்கள். முதல் நாள் ஒட்டிய தாள் மறுநாள் மாறும். உங்களைப் பார்த்த கல்லூரியில் இடம் நெருக்கடி, ஆனால் இன்னொரு கல்லூரியும் உங்களைப் பார்க்கட்டும் என்று ஆசிரியர்கள் நினைத்தால், பலகையில் உங்கள் பெயர் புதிதாக முளைக்கும். மூத்த மாணவர் ஒருவர் கூடவே நடந்து, குளிரில் இரண்டு தெரு தாண்டி, அந்தக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் விடுவார். நல்ல பிள்ளைகளை ஒரே கல்லூரியின் நெருக்கடிக்காக இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. என்ன அழகான எண்ணம்!

2020இல் கொரோனா வந்தது. நேர்காணல் திரைக்குள் போனது, அங்கேயே தங்கிவிட்டது. இப்போது மைக்ரோசாஃப்ட் டீம்ஸில்தான் சந்திப்பு. சில பாடங்களுக்கு மீரோ என்ற இணையக் கரும்பலகையும் வேண்டும். இன்னும் சிலவற்றுக்கு எழுத்தாணி கொண்டு எழுதும் தொடுதிரையும் வேண்டும், கணக்கை இரண்டு பக்கமும் ஒரே பலகையில் போட்டுப் பார்ப்பதற்காக. பலகை மாறிற்றே தவிர வேலை மாறவில்லை. இன்றும் ஒரு பெயர் புதிதாக முளைக்கும், இன்னொரு கல்லூரி கூப்பிடும், மின்னஞ்சல் வரும்.

சூரியனைப் பின்தொடரும் அட்டவணை

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. திரைக்குப் போனதும் அட்டவணைக்குள் பூமிப் பந்தே வந்து உட்கார்ந்துகொண்டது!

டிசம்பரில் இங்கிலாந்தில் காலை 9 மணி என்றால் நமக்கும் இலங்கைக்கும் பிற்பகல் 2.30. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் மாலை 5. கலிஃபோர்னியாவிலோ நள்ளிரவு தாண்டி 1 மணி. ஆகவே காலைக் கட்டங்கள் கிழக்கு நாட்டுப் பிள்ளைகளுக்குப் பொன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருப்பவரை மாலை 4 மணிக்கு உட்கார வைத்தால்தான் அவருக்குக் காலை 8 ஆகியிருக்கும். பிரிட்டன் பிள்ளைகள் நடுவில் எங்கே வேண்டுமானாலும் பொருந்துவார்கள். ஒரு நாளின் அட்டவணையை மேலிருந்து கீழே படித்தால் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போவது தெரியும்!

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பொறி இருக்கிறது. அக்டோபரில் விண்ணப்பம் போடும்போது நமக்கும் இங்கிலாந்துக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். டிசம்பரில் வித்தியாசம் ஐந்தரை மணி. பழைய கணக்கிலேயே இருக்கும் பிள்ளை ஒரு மணி நேரம் முன்னால் வந்து ஆளில்லாத திரையைப் பார்த்துப் பதறும். அழைப்பில் இருப்பது அவர்கள் ஊர் நேரமா, நம் ஊர் நேரமா என்று பார்த்துவிட்டு, இரண்டையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பாதி இடிபாடு அங்கேயே தீர்ந்துவிடும்.

வருமுன் காத்த இடிபாடுகள்

சில இடிபாடுகளை முளைக்கும் முன்பே கிள்ளிவிட்டிருக்கிறார்கள். ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. பொது விதி அது. கேம்பிரிட்ஜின் முக்கியமான நேர்காணல் காலமும் டிசம்பர்தான். இரண்டுக்கும் ஒரே பிள்ளைகள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அடுத்தது, எந்தப் பாடத்துக்கு எந்தெந்த நாள் என்பதை முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள். முதல் கல்லூரி பார்க்கும் நாட்கள் இவை, மற்றக் கல்லூரி பார்க்கக்கூடிய நாட்கள் இவை என்று தனித்தனியாக. நீங்கள் அழைக்கப்படுவீர்களா என்று தெரிவதற்கு முன்பே அந்த நாட்களைக் காலியாக வைத்துக்கொள்ளலாம். பலர் தவறவிடுவது இரண்டாவது வரியைத்தான். முதல் நேர்காணல் முடிந்த நிம்மதியில் மறுநாள் ரயிலேறிவிடுவார்கள். இன்னொரு கல்லூரியின் மின்னஞ்சல் விழுப்புரம் தாண்டும்போது வரும்!

மருத்துவம் இன்னும் ருசியானது. அங்கே அழைக்கப்படும் ஒவ்வொருவரையும் இரண்டு கல்லூரிகள் பார்க்கின்றன. ஒன்று பொதுவாக அவரே தேர்ந்தெடுத்தது, இன்னொன்று பல்கலைக்கழகம் ஒதுக்கியது. அதே பிள்ளை வேறு பல்கலைக்கழகங்களின் மருத்துவப் படிப்புகளுக்கும் போட்டிருப்பார். பிரிட்டனின் பொது விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கு நான்கு இடங்கள் வரை கேட்கலாம். நான்கும் அழைத்தால்? அவற்றில் இரண்டு ஒரே செவ்வாய்க்கிழமையில் விழுந்தால்? இங்கேதான் முட்டுக்கட்டைக்காரர்களின் வேலை ஆரம்பம்.

ஆக்ஸ்ஃபோர்டிலேயே பிறந்த சூத்திரம்

இதைக் கண்டுபிடித்த அன்று நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கால அட்டவணை போடுவதைக் கணிதமாக மாற்றிய புகழ்பெற்ற கட்டுரைகளில் ஒன்று 1967இல் வந்தது. எழுதியவர்கள் டொமினிக் வெல்ஷ், மார்ட்டின் பவல். வெல்ஷ் யார் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு கணித ஆசிரியர், 1264இல் தோன்றிய மெர்ட்டன் கல்லூரிக்காரர்! எந்த ஊர் இத்தனை நேர்காணலை அடுக்குகிறதோ அந்த ஊரிலேயே அடுக்கும் வித்தையும் எழுதப்பட்டிருக்கிறது.

வித்தை இதுதான். ஒவ்வொரு சந்திப்பையும் ஒரு புள்ளியாக வையுங்கள். கோலம் போடுவதுபோல. எந்த இரண்டு சந்திப்பு ஒரே நேரத்தில் நடக்க முடியாதோ, அவற்றுக்கு நடுவே ஒரு கோடு. ஒரே பிள்ளை இரண்டிலும் இருந்தால் கோடு. ஒரே ஆசிரியர் இரண்டிலும் இருந்தால் கோடு. இப்போது புள்ளிகளுக்கு வண்ணம் தீட்டுங்கள். ஒவ்வொரு வண்ணமும் ஒரு நேரம். கோட்டால் இணைந்த இரண்டு புள்ளிக்கு ஒரே வண்ணம் வரக் கூடாது. அவ்வளவுதான். கேட்க எளிது. ஆனால் புள்ளிகள் பெருகினால், மிகக் குறைந்த வண்ணத்தில் முடிப்பது கணினிக்கே மூச்சு முட்டும் கணக்கு. 1972இல் கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் கார்ப் பட்டியலிட்ட 21 கடினமான கணக்குகளில் இதுவும் உண்டு.

வெல்ஷும் பவலும் சொன்ன வழி என்ன? எந்தப் புள்ளியிலிருந்து அதிகக் கோடுகள் கிளம்புகின்றனவோ, அதற்கு முதலில் வண்ணம் கொடு. அதற்கு அடுத்தபடி அதிகமுள்ள புள்ளி அடுத்து. எங்கும் பொருந்தக்கூடியவை கடைசியில் வரட்டும்.

இன்னொரு முறை படியுங்கள். எது அதிகம் இடிக்கிறதோ அதற்கே முதல் இடம்! வைகாசி முகூர்த்தத்தில் ஒரே நாதஸ்வர செட்டை நாலு மண்டபத்தில் கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? விடிகாலை நாலரை மணி முகூர்த்தத்தை முதலில் எழுதிக்கொள்வார்கள், அது நகராது. மாலை வரவேற்பைப் பிறகு பொருத்துவார்கள். பென்சிலோ எக்செலோ வைத்துக்கொண்டு அட்டவணை போடுகிற எவருக்கும் இது கைப்பழக்கம். ஆகவே உங்கள் இடிபாடு அவர்களுக்குத் தொல்லை அல்ல. அட்டவணை போட அவர்களுக்கு வேண்டிய முதல் தகவலே அதுதான். தெரிவிக்காத இடிபாடுதான் தொல்லை!

மதுரைப் பெண்ணும் சிங்கப்பூர்ப் பையனும்

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். மதுரையில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். கணிதத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. நேரம், இங்கிலாந்தில் காலை 9.30. நமக்குப் பிற்பகல் 3 மணி. அன்றைக்கே பள்ளியில் முன்தேர்வு, 1.30 முதல் 4.30 வரை. போதாக்குறைக்கு அன்று இரவு சித்தி கல்யாண வரவேற்பு, ஏழு மணிக்கு!

வீட்டில் மாநாடு. "அவுங்களாப் பாத்துக் குடுத்த நேரம்த்தா. மாத்தச் சொன்னா தப்பா எடுத்துக்குவாங்க" என்கிறார் அப்பா. "பரீட்சைக்குப் பாதியில எந்திரிச்சு வந்துரட்டா?" என்கிறாள் மகள். இந்தப் பயம் எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகளை வாயடைக்க வைத்திருக்கிறது! மரியாதை என்று நினைத்து மௌனமாக இருந்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு மௌனம் தெரியாது. வெற்றுத் திரைதான் தெரியும்.

அவள் முதலில் பள்ளியைக் கேட்கிறாள். எந்தப் பக்கம் வளையும் என்று பார்ப்பதுதான் முதல் படி. பள்ளியே தேர்வை வேறு நாளில் எழுத விட்டால் கதை முடிந்தது. இவள் பள்ளியில் முடியாது என்கிறார்கள். சரி, அன்றைக்கே ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதிவிட வேண்டும். யாருக்கு? அழைப்புக் கடிதத்தில் கொடுத்திருக்கும் கல்லூரிச் சேர்க்கை அலுவலக முகவரிக்கு. ஆசிரியரைத் தேடிப்பிடித்து அவருக்கு எழுத வேண்டாம். கட்டங்கள் இருப்பது அலுவலகத்தின் கையில்.

கடிதம் ஐந்து வரி. பெயர், விண்ணப்ப எண், பாடம். கொடுத்த நேரம் எது. ஏன் இடிக்கிறது, அதற்குப் பள்ளியின் தேர்வு அட்டவணை இணைப்பில். எந்த நேரம் முடியாது, எந்த நேரம் முடியும், இரண்டும் இங்கிலாந்து நேரத்தில்: காலை 11.30க்கு முன் முடியாது. அதற்குப் பிறகு மாலை 5 வரை எப்போதும் தயார். நன்றி. சித்தி கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அது இவள் வீட்டுக்குள் வளைக்க வேண்டிய வளைவு. அரைப் பக்க மன்னிப்பும் இல்லை. "எந்த நேரமானாலும் சரி" என்ற பெருந்தன்மையும் இல்லை. அது அட்டவணை போடுகிறவர் கையில் ஒரு கோட்டைக்கூடத் தருவதில்லை.

நாளையே மாற்றிக் கேட்டிருந்தால் கிடைப்பது அரிது. அந்தப் பாடத்துக்கான நாட்கள் முடிந்ததும் ஆசிரியர்கள் எல்லோரையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும். ஜனவரி நடுவில் முடிவு வெளியாகிவிடும். ஒரு வாரம் தள்ளிப்போட அங்கே இடமில்லை. ஆனால் அந்த நாட்களுக்குள் மணி நகரக்கூடும். காரணம் உண்மையாக இருந்து, நேரத்தோடு சொன்னால், முடிந்ததைச் செய்து பார்ப்பார்கள். உத்தரவாதம் இல்லை; முயற்சி உண்டு.

இப்போது திரைக்குப் பின்னால் வாருங்கள். அட்டவணையில் அதே ஆசிரியர்களிடம் பகல் 12 மணிக்குச் சிங்கப்பூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு அது இரவு 8 மணி. 9.30 கட்டத்தை அவனுக்குக் கொடுத்து, 12 மணியை மதுரைப் பெண்ணுக்குக் கொடுத்தால்? அவனுக்குச் சிங்கப்பூரில் மாலை 5.30. இவளுக்கு மதுரையில் மாலை 5.30! கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கைதட்டினேன். அவள் சொன்ன ஒரு இடிபாட்டால், அவள் பெயர்கூடத் தெரியாத ஒரு பையனுக்கு ராத்திரி நேர்காணல் மாலை நேர்காணலாக மாறிவிட்டது. அவன் சம்மதித்துப் பதில் போட்டதும் இரண்டு கட்டங்களும் இடம் மாறுகின்றன. அவளும் அன்றைக்கே பதில் போடுகிறாள்: புதிய நேரம் கிடைத்தது, தயாராக இருப்பேன், நன்றி. ஆறு மணிக்கு நேர்காணல் முடிகிறது. ஏழு மணிக்கு மண்டபத்தில் சித்தி பக்கத்தில் நிற்கிறாள், தலைநிறையப் பூவோடு!

மழை இடிக்கும்போது

எழுதி வைக்க முடியாத இடிபாடு ஒன்று இருக்கிறது. டிசம்பர் தொடக்கம் நமக்கு வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்டதை யார் மறப்பார்கள்? பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரம் இல்லை.

ஆகவே அழைப்பு வந்த அன்றே மாற்று இடம் பார்த்து வைக்க வேண்டும். வீட்டு இணையம் போனால் கைப்பேசி இணையம். அதுவும் போனால் பள்ளி, இல்லையென்றால் மேட்டுப்பகுதியில் இருக்கும் அத்தை வீடு. கல்லூரியின் தொடர்பு எண்ணைத் திரையில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதி அப்பா பையில் ஒன்று, தன் பையில் ஒன்று. இணைப்பு அறுந்தால் பதற வேண்டாம். மறுபடி உள்ளே வரப் பாருங்கள், முடியாவிட்டால் உடனே தெரிவியுங்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் உங்களை நிராகரிக்கக் காரணம் தேடிக்கொண்டிருக்கவில்லை. அத்தனை விண்ணப்பங்களையும் படித்து, உங்கள் பெயரை எடுத்து, உங்களோடு அரை மணி நேரம் கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

முட்டுக்கட்டை என்றால் நாம் தடை என்றுதான் சொல்லிப் பழகிவிட்டோம். தேரடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கட்டை கொடுக்காத தேர் நேராகப் போய்ச் சுவரில்தான் இடிக்கும். எனவே, பிள்ளைகளே, தேதி இடிக்கிறதென்றால் வாய் திறந்து சொல்லுங்கள். இன்றைக்கே, ஐந்து வரியில். நீங்கள் கையில் கொடுக்கிற அந்தக் கட்டைக்காகத்தான் அங்கே ஒருவர் சக்கரத்தை ஒட்டிக் குனிந்து காத்துக்கொண்டிருக்கிறார். தேர் திரும்பட்டும்!